கொடிக்கு முதுகு காட்டியவர்

சிங்கப்பூரில் எந்தக் கொடி ஏறினாலும் அந்த அக்கா போய்விடுவார். வெள்ளைக்காரர்களின் ராணிக்கு முடிசூட்டிய ஊர்வலத்துக்குப் போனார். ஆகஸ்ட் பதினைந்தில் இந்தியக் கொடி ஏற்றினால் அங்கேயும் இருப்பார். தன்னாட்சி வந்தபோது போனார், மலேசியா பிறந்தபோது போனார், அதிலிருந்து பிரிந்து வந்தபோதும் போனார். அவரிடம் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு சேலை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவர் மாடிப்படி இறங்கினால், ஊரில் ஏதோ விழா என்று எங்கள் சந்துக்குத் தெரிந்துவிடும்.

சந்து சும்மா இருக்குமா? ராணி ஊர்வலத்துக்குப் போய்வந்தபோது வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறாள் என்றார்கள். தன்னாட்சி விழாவுக்குப் போனபோது கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று தெரிந்ததும், வேலைவெட்டி இல்லாதவள் என்று முடிவு கட்டினார்கள். சுத்தப் பொய். பக்கத்துப் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆயா வேலை. பிரசவத் துணிகளை அலசி அலசியே கை வெந்துபோன மனுஷியைப் பார்த்து வேலைவெட்டி இல்லாதவள் என்று சொல்ல எங்கள் சந்துக்கு மட்டும்தான் வாய் வரும்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதன் பக்கத்தில் ஒரு பட்டத்தையும் எழுதவேண்டும். இன்னாரின் மனைவி என்பதா, இன்னாரின் விதவை என்பதா? அந்த வம்பில் அந்தக் காலத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். எனக்கு வேண்டாம். அக்கா என்றே இருக்கட்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்த நான், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் குடித்தனம் வைத்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. எங்கள் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு வயசு’ என்று குரல் வரும். வந்த முதல் நாள் நான் ஊர் நினைப்பில் அழுதுகொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஏம்மா, அழுது முடிச்சுட்டு வா, நெத்திலி வறுத்திருக்கேன், சாப்பிடலாம்” என்று கூப்பிட்டார். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

அவருடைய நெற்றியைத்தான் முதலில் பார்த்தேன். இருபது காசு நாணயம் அளவுக்குக் குங்குமம். அவ்வளவு பெரிய பொட்டை நான் ஊரில்கூடப் பார்த்ததில்லை. கழுத்தில் தாலி, கால்விரலில் மெட்டி, தலையில் ஒரு கிள்ளுப் பூ. சரி, புருஷன் கப்பலில் வேலை செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழ்வீட்டு நகைத்தட்டார் மனைவிதான் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதைக் கடித்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில்பாதை போடக் கூலிகளைப் பிடித்துப்போனார்களே, அதில் போனவராம் அக்காவின் புருஷன். சண்டை முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம்தான். அவர் திரும்பவில்லை. “அவரு போயி எவ்வளவு காலம் ஆச்சு? இவ இன்னும் பூவும் பொட்டுமா நிக்கிறா. யாரு போயிச் சொல்றது?” என்றார்.

எனக்கு வளைகாப்பு வந்தபோது இந்த விஷயம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அக்காவைக் கூப்பிடலாமா, கூடாதா? சுமங்கலிகள் மட்டும்தான் வளையல் போடவேண்டும். தட்டார் மனைவி, “எதுக்கும் ஜாக்கிரதையா இரு புள்ள, தலைச்சம் பிள்ளை” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் பிறக்கிற பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் கையில் வாங்கிக் குளிப்பாட்டுகிறவர் அவர். அந்தக் கை ஆகும், வளையல் போட மட்டும் ஆகாதா? முதல் வளையலை அக்காவையே போடச் சொன்னேன். தட்டார் மனைவி மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். என் மகன் கொழுகொழுவென்று பிறந்தான், அது வேறு விஷயம்.

ராணிக்கு முடிசூட்டிய விழாவுக்கு அவரோடு நானும் போனேன். பாடாங் திடலில் பார்க்கிற இடமெல்லாம் தலை. வாத்தியம், குதிரைகள், அலங்கார வண்டிகள். எங்கே நல்லாத் தெரியும் என்று நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்க, அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலோரப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போனார். அங்கே போனதும் ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எல்லாரும் ஒரு பக்கம் பார்க்க, அவர் மட்டும் எல்லாரையும் பார்த்தபடி நின்றார். முந்தானையை இழுத்துச் சரிசெய்தார், பொட்டைத் தொட்டுப்பார்த்துக்கொண்டார், முகத்தை நன்றாக நிமிர்த்தினார். படம் பிடிக்கப்போகிறார்கள் என்று சொன்னால் நிற்போமே, அப்படி. வாணவேடிக்கை முடியும் வரை அப்படியேதான் நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது காகிதச் சுருளில் வறுகடலை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். சண்டைக்கு ரொம்ப முன்னால், அவர் கப்பலில் வந்து இறங்கிய புதிதில், இதே பாடாங்கில் இன்னொரு ராஜாவுக்கு விழா எடுத்தார்களாம். புருஷன் கூட்டிப்போயிருக்கிறார். கூட்டத்தில் அக்கா தொலைந்துபோய்விட்டார். பாஷை தெரியாது, வீடு இருக்கும் தஞ்சோங் பகாருக்கு வழி தெரியாது. அங்கும் இங்கும் ஓடி, அழுது, கடைசியில் இந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஊரே கலைந்த பிறகுதான் புருஷன் வந்து கண்டுபிடித்தாராம்.

“என்ன திட்டு திட்டினாரு தெரியுமா? கூட்டத்துல தொலைஞ்சா அலையாத. நீயும் அலைஞ்சு நானும் அலைஞ்சா ஆயுசுக்கும் பாத்துக்க முடியாது. இந்த மரத்தடியில நில்லு. மூஞ்சி தெரியற மாதிரி நில்லு. நான் வந்து கூட்டிக்கிறேன்னாரு.”

“சரி அக்கா, அது அப்போ.”

“எப்பவுந்தான். அவரை ரயில்ல ஏத்தறாங்கன்னு கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்கு ஓடுறேன், கிட்டப் போக முடியல, அவ்வளவு கூட்டம். ஜன்னல்ல தெரிஞ்சாரு. பேசினா கேக்காதுல்ல, கையை இப்படிக் கீழ காட்டினாரு.” உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையைப் பார்த்து இரண்டு தரம் அமுக்கிக் காட்டினார். அங்கேயே நில் என்று நாம் காட்டுவோமே, அது.

வீட்டில் காத்திருந்தால் வரமாட்டாரா, பாடாங்கில் ஏன் நிற்கவேண்டும் என்று கேட்டேன். நானும் ஒரு மண்டு. “எந்த வீடு? நாங்க இருந்த லயன் வீடு குண்டு விழுந்து போச்சு. இந்த வீடு அவருக்குத் தெரியாதே. பாடாங் தெரியும். கூட்டம் கூடினா நான் அங்க நிப்பேன்னும் தெரியும்” என்றார்.

அவருடைய கொடிப் பற்று இவ்வளவுதான். எந்தக் கொடி, யார் ராஜா, யார் மந்திரி என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கூட்டம் சேரவேண்டும். முகங்கள் நிமிர்ந்திருக்கவேண்டும். நவம்பரில் துரைமார்கள் தங்கள் சிப்பாய்களுக்காகக் கல்தூணுக்கு மாலை வைப்பார்கள், அதற்கு மட்டும் ஒருநாளும் போகமாட்டார். “தொப்பி போட்ட நாலு பேருதான் வருவாங்க. அங்க எதுக்கு?” என்பார். மலேசியாவிலிருந்து பிரிந்த அன்றைக்கு ஒரு கூத்து. நாடு பிறந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டதும் மாம்பழச் சேலையைக் கட்டிக்கொண்டு போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். “என்னம்மா இது, நாடு பொறந்துச்சுங்கறாங்க, திடல்ல ஈ காக்கா இல்ல” என்றார். அன்றைக்கு ஊரே கவலையில் இருந்தது. அக்காவின் குறை அவருக்கு.

அடுத்த ஆண்டு முதல் தேசிய தின அணிவகுப்பு. அக்காவும் நானும் போனோம். மரத்தடியில் வழக்கம்போல அவர் திரும்பி நிற்க, தொண்டனாக அங்கே இருந்த, கையில் பட்டை கட்டிய தமிழ்ப்பையன் ஒருவன் ஓடிவந்தான். தேசிய கீதம் ஆரம்பிக்கிற நேரம். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“அக்கா, அப்படி நிக்கக் கூடாதுலா. கொடியைப் பாத்து நில்லுங்க.”

“நீ பாரு தம்பி. கொடி எங்கயும் போயிடாது.”

“மரியாதை இல்லாம நிக்கிறீங்கன்னு நெனைப்பாங்க. மாத்தா வந்தா எனக்குத்தான் பிரச்சினை.”

மாத்தா என்றால் போலீஸ், அதைக் கேட்டதும் நான் பயந்துபோனேன். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனும் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையாகத்தான் இருப்பான். “தம்பி, உனக்கு ஒரு ஆள் வரவேண்டியிருக்கு, எந்தப் பக்கத்துல இருந்து வருவாருன்னு தெரியாது. நீ எந்தப் பக்கம் பாத்து நிப்ப?” என்று கேட்டார். பையன் கீதம் முடியும் வரை எங்களுக்கும் போலீஸ்காரருக்கும் நடுவில் மறைப்பாக நின்றான். நல்ல பிள்ளை.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைச் சொல்லாமல் அக்காவின் கதை முடியாது.

அவருடைய சொந்த அண்ணனும் சயாம் ரயிலுக்குப் போனவர்தான். அவரும் திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஆடி அமாவாசையில் கடற்கரைக்குப் போய், எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில் தீவின் கிழக்குப் பக்கம் மண் தோண்டியபோது, ஜப்பான்காரர்கள் கொன்று புதைத்த சீனர்களின் எலும்புகள் கிடைத்தன. சீனர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த எலும்புகளைத் தாழிகளில் வைத்து நினைவுச்சின்னம் கட்டவேண்டும் என்றார்கள். பிறகு அது எல்லா இனத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிவாகி, கடற்கரைச் சாலையோரம் நான்கு தூண்கள் எழும்பத் தொடங்கின. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சிப்பாய்க்கு ஒரு கல் இருக்கு. சீனங்களுக்கு எலும்பு இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு என்ன இருக்கு? செத்தது சயாம் காட்டுல. எலும்பும் இல்ல, நாளும் இல்ல. இன்னும் இருபது வருஷம் போனா, அப்படி ஒரு கூட்டம் ரயிலேறிப் போச்சுன்னே இங்க எவனுக்கும் தெரியாது” என்பார். துறைமுகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நம்மவர்கள் சங்கத்துக்கு ஓடுவார். அவர் செயலாளர். தலைவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி.

திறப்பு விழாவில் ஒவ்வொரு இனத்திலிருந்தும் இறந்தவர்களின் குடும்பத்தாரை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள் என்று சொன்னார்கள். சீனர்களுக்கு ஆள் தேடவேண்டிய அவசியமே இல்லை. நம்மவர்களில் பலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள், சிலர் மறுபடி கட்டிக்கொண்டு வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டார்கள், இன்னும் சிலருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது. என் வீட்டுக்காரர் எங்கெங்கோ அலைந்து நாலைந்து பேரைப் பிடித்தார், அவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ரயிலுக்குப் போனவரின் மனைவி என்று ஊரறிய இருந்தவர் அடுத்த அறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

நேராகக் கேட்க என் வீட்டுக்காரருக்குத் தைரியம் இல்லை. சயாமிலிருந்து உயிரோடு திரும்பி, தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தார். அவர் காலில் பெரிய புண் ஆறிய தழும்பு, நடை சற்று இழுக்கும். அக்கா பாய் விரித்து உட்காரவைத்து, கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

“உங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே கொட்டாயில இருந்தோம் அக்கா.”

“நல்லா இருந்தாரா?”

அவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பேதி வந்துச்சு அக்கா. பேதி வந்தவங்களைத் தனிக் கொட்டாயில போட்டாங்க. அவரையும் போட்டாங்க. அப்புறம் நோய் பரவக் கூடாதுன்னு அந்தக் கொட்டாயோட தீ வெச்சுட்டானுங்க.”

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய அண்ணனுக்கும் அப்படித்தானோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அக்கா மட்டும் அசையவில்லை.

“நீங்க பாத்தீங்களா?”

“தீயைப் பாத்தேன்.”

“அவரைப் பாத்தீங்களா?”

“அவர் உள்ளதான் அக்கா இருந்தாரு.”

“தீ வெக்கும்போது உள்ள இருந்தாருன்னு உங்க கண்ணால பாத்தீங்களா?”

அந்த மனுஷர் கோப்பியைக் கீழே வைத்தார். பாத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைசியில், “பாக்கல அக்கா” என்றார்.

“அப்ப சரி. கோப்பி ஆறுது, குடிங்க.”

படியிறங்கும்போது அவர் என் வீட்டுக்காரரிடம், “பொய் சொல்லத்தான் வந்தேன் சார். அந்த மூஞ்சியைப் பாத்து வாய் வரல” என்றாராம். மறுநாள் காலையில் குழாயடியில் அக்காவைப் பார்த்தேன். பொட்டு முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவின் புருஷன் செத்துத்தான் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன?

திறப்பு விழா நெருங்கியது. சங்கத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். அந்த அம்மாள் பூவும் பொட்டுமாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் பத்திரிகைக்காரன் படம் எடுத்துப் போடுவான், மற்ற இனத்தார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், செத்ததே பொய் என்பார்கள். அதனால் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சேலை கட்டி, பொட்டை அழித்துவிட்டு வரட்டும். ஒரு மணி நேரம்தானே. வீட்டுக்குப் போனதும் மறுபடி வைத்துக்கொள்ளட்டுமே. ஒரு மணி நேர விதவை! அப்படி ஒரு பதவியை எங்கள் தலைவரைத் தவிர வேறு யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அதை என்னிடம் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது திட்ட மனம் வரவில்லை. “எனக்கு மட்டும் ஆசையா? நான் சங்கத்து ஆளாத்தான் உக்காரப்போறேன். குடும்பத்து ஆள் ஒருத்தராவது அந்த வரிசையில உக்காந்தா, நம்ம ஆளுங்களும் செத்தாங்கன்னு ஊருக்குத் தெரியும். இல்லேன்னா அதுவும் போச்சு. நீ கேட்டா அவங்க கேப்பாங்க. எங்கண்ணனுக்காகக் கேளு” என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்காத மனுஷன். தனக்காகவும் கேட்டதில்லை.

நான் போனேன். அக்கா முறத்தில் நெத்திலியை வைத்துக்கொண்டு தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கொஞ்சம் கிள்ளினேன்.

“அக்கா, அவர் ஒண்ணு கேக்கச் சொன்னார்.”

“தெரியும். பலகைதானே நடுவுல, எல்லாம் கேட்டுச்சு.”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“உன் வீட்டுக்காரரு தங்கமான மனுஷரு. அண்ணனுக்காக அலையறாரு. அவங்கண்ணன் செத்துட்டாருன்னு நாலு பேரு சொன்னா அவருக்கு நிம்மதி. அவருக்கு அது வேணும். நான் தப்புச் சொல்லல” என்றார்.

“அன்னைக்கு மட்டும்தான் அக்கா. ஒரு மணி நேரம்.” சொல்லும்போதே என் நாக்கை நானே கடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

அவர் கை நின்றது. “என்னை நல்லாப் பாரு. அவரு போனப்ப எனக்கு இடுப்புவரை முடி. இப்ப எலிவால். முன்பல்லு ரெண்டும் போச்சு. உடம்பு ஊதிப்போச்சு. அவரு எதிர்ல வந்து நின்னாலும் இது யாரோ கெழவின்னு தாண்டிப் போயிடுவாரு. இது ஒண்ணுதாம்மா பழசு.” நெத்திலி நாறும் விரலால் நெற்றியைத் தொடாமல், தொடுகிற மாதிரி காட்டினார். “இதையும் அழிச்சிட்டா அவருக்கு நான் எப்படித் தெரிவேன்? அன்னைக்குப் பார்த்து வந்துட்டாருன்னா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து வந்து வீட்டுக்காரரிடம், என்னால் முடியாது, வேண்டுமானால் நீங்களே போய் அழித்துவிட்டு வாருங்கள் என்று கத்தினேன். அவர் உண்மையிலேயே எழுந்து போனார். கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்ற முகத்தோடு போனவர், வாசலில் நின்றார். உள்ளேயிருந்து, “வாங்க தம்பி, கோப்பி போடட்டுமா?” என்ற குரல் கேட்டது. குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், தோள் குலுங்கியது. தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அக்கா. யார் பக்கம் பேசுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பொட்டோடுதான் வருவார் என்று தலைவரிடம் சொன்னதும், அப்படியானால் முன்வரிசை வேண்டாம், கூட்டத்தோடு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்தார். காலியாக இருந்த நாற்காலியில் தலைவர் தன் மைத்துனரை உட்காரவைத்தார். ஜப்பான்காரன் காலம் முழுக்கச் சேலத்தில் இருந்துகொண்டு அரிசி வியாபாரம் பார்த்தவர் அந்த மைத்துனர்.

விழா நாளன்று அக்கா மாம்பழச் சேலையோடு வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். “அவ்வளவு கூட்டம் வருதாமே, போகாம இருக்க முடியுமா?” என்றார். உண்மையிலேயே கூட்டம் அதிகம். கிழவர்கள், கிழவிகள், சாம்பிராணிக் குச்சிகளோடு சீனப் பெண்கள், வெள்ளை உடுத்தியவர்கள், கறுப்புப் பட்டை குத்தியவர்கள். பாடாங் பக்கத்திலேயே இருந்தது, எட்டிப்பார்த்தால் தூங்குமூஞ்சி மரங்கள் தெரிந்தன. அக்கா அதைக் கவனித்து, “கிட்டத்துலதான். இங்க நின்னாலும் அவருக்குத் தெரியும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் தூண்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். முந்தானையைச் சரிசெய்தார். பொட்டைத் தொட்டுப்பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை.

நான்கு மொழியிலும் பேசினார்கள். தமிழில் பேசியபோது சயாம் ரயில் என்று ஒரு வார்த்தை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். போரில் உயிர்நீத்த அனைவரும் என்றார்கள். அனைவரும் என்றால் அதில் அவர்களும் உண்டுதான். முன்வரிசையில் என் வீட்டுக்காரரின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அவர் எதைக் கேட்டார், என்ன நினைத்தார் என்று அந்தக் கழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா கூட்டத்தை ஒரு முகம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். எல்லா முகங்களும் மேடையைப் பார்த்தபடி நிமிர்ந்திருந்ததால் அவருக்கு வசதியாக இருந்தது. ஒரு கிழவரைக் கண்டதும் கொஞ்சம் நின்று, பிறகு இல்லையென்று அடுத்த முகத்துக்குப் போனார்.

அப்போது ஊதுகுழல் ஊதினார்கள். ஊதி முடிந்ததும், இறந்தவர்களுக்காக அனைவரும் மௌனமாக நிற்கும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கூட்டமும் ஒரே நேரத்தில் தலை குனிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை உச்சந்தலைகள்தான். நரைத்த தலை, கறுத்த தலை, முக்காடு, குல்லாய். ஒரு முகம் இல்லை.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குதிகாலைத் தூக்கி எம்பிப் பார்த்தார். இத்தனை விழாவில் இப்படி அவர் பார்த்ததே இல்லை. என் கையைப் பிடித்தார்.

“ஏம்மா, ஏன் எல்லாரும் குனிஞ்சுட்டாங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“செத்தவங்களுக்கு மரியாதை அக்கா.”

“அவரு இந்தக் கூட்டத்துல இருந்தா? அவரும் குனிஞ்சுதானே நிப்பாரு? அப்ப நான் நிக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?”

முன்னால் நின்ற ஒருவர் குனிந்த தலையோடு உஸ் என்றார். அக்கா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். பொட்டு வேர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

“நிமிரச் சொல்லும்மா” என்றார். “ஒரே ஒரு தரம், எல்லாரையும் நிமிரச் சொல்லு.”

யாரிடம் போய்ச் சொல்வேன்?